ஒட்டும் உறவும்

உலகத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாத வஸ்துக்கள் எல்லாம் வெகு சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன. புது வேஷ்டியில் பலாப்பால், மீசையில் பாயசம், ரயிலில் எதிர் ஆசனக்காரருடைய அபிப்பிராயம் இவையெல்லாம் ஒரு முறை பற்றிக்கொண்டால் இலேசில் விடுவதில்லை. ஒட்ட வேண்டியதோ ஒட்டுவதே கிடையாது. தபால் உறையின் வாயை நாம் எவ்வளவு சிரத்தையுடன் மூடினாலும், தபால் பெட்டிக்குள் விழும்போது அது கொட்டாவி விட்டுக்கொண்டுதான் விழுகிறது.

இதை வெகு காலம் வரையில் நாம் வெறும் வேடிக்கையாகவே எண்ணியிருந்தோம். ஒட்டுவதும் ஒட்டாததும் ஒரு குழந்தையின் எலும்பைப் பொறுத்த விஷயமாகவும் இருக்கக்கூடும் என்பதை 68-வது வயதில், லண்டன் மாநகரத்தில், ஒரு சைக்கிள் சக்கரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டோம். அந்தக் கதையில் நம்முடைய பங்கு பெருமைப்படத் தக்கதல்ல. ஆயினும் நேயர்களிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டோம்.

லண்டனில் டூட்டிங் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே இட்லிக்கும் தோசைக்கும் பஞ்சமில்லை. தமிழ்க் குரலுக்கும் பஞ்சமில்லை. நம் தமக்கையின் புதல்வன் அங்கே குடும்பத்துடன் வசிக்கிறான். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் அவனுடைய அழைப்புக்கு இணங்கி ஆகாய விமானம் ஏறினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் நம் கண்ணில் பட்ட முதற்காட்சி, கூடத்துச் சுவரில் முருகன் படத்துக்கும் காந்தி மகான் படத்துக்கும் நடுவில் தொங்கிய ஒரு சைக்கிள் சக்கரம். டயர் இல்லாத மொட்டைச் சக்கரம்.

"இது என்னப்பா, சுதர்சன சக்கரமா?" என்று கேட்டோம்.

"இல்லை மாமா, பழைய பாவம்" என்று சொல்லிவிட்டு, நம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் மாடிப்படி ஏறிவிட்டான்.

அவனுக்கு ஒரே பெண். பதினாறு வயது. பரத நாட்டியமோ வீணையோ கற்றுக்கொள்வாள் என்று நாம் எண்ணியிருந்தோம். அவளோ சைக்கிள் பந்தயம் விடுகிறாள்! அடுத்த சனிக்கிழமை ஹெர்ன் ஹில் பந்தயத் தளத்தில் அவள் கலந்துகொள்ள வேண்டிய பந்தயம். அவளுடைய முன் சக்கரமோ முந்தின வாரந்தான் கோணிப் போய்விட்டது. ஆகவே, சுவரில் தொங்கும் அந்தச் சக்கரத்தை இறக்கித் தரவேண்டும் என்று தகப்பனாரிடம் ஒற்றைக் காலில் நின்றாள். அவன் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலி போட்டு ஏறி, சக்கரத்தைத் தானே இறக்கினான். "ஒரு நிபந்தனை. நான் சொல்கிற முறைப்படிதான் டயர் ஒட்ட வேண்டும். ஐந்து நாளாகும். அவசரப்பட்டால் சக்கரம் மறுபடியும் சுவருக்குப் போய்விடும்" என்றான்.

டயரை ஒட்டுவதா? நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாடகைச் சைக்கிளை மணிக்கு நாலணா கொடுத்து எடுத்து, அதில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள் நாம். வேப்பமரத்து அடியில் சைக்கிள் கடைக்காரர் டயரை நெம்பிக் கழற்றி, ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தில் சொலூஷன் தடவிப் பஞ்சர் ஒட்டுவதை எத்தனையோ நாள் வேடிக்கை பார்த்திருக்கிறோம். ட்யூபில் ஒட்டுப் போடுவார்களே தவிர, டயரையே சக்கரத்தோடு சேர்த்து ஒட்டுவார்கள் என்று யார் கண்டார்கள்?

அந்தப் பெண் நமக்குப் பொறுமையாக விளக்கினாள். பந்தயச் சைக்கிளுக்கு என்று ட்யூபுலர் டயர் என ஒரு ஜாதி உண்டாம். நம் ஊர் டயர் வாய் திறந்த படகு மாதிரி. அதன் இரு கரைகளும் ரிம்மின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ட்யூபுலரோ பாம்பு மாதிரி முழு உருளை. ட்யூபை உள்ளே வைத்துத் துணியால் சுற்றிலும் மூடித் தைத்து, தையலின்மேல் ஒரு நாடாவை ஒட்டிவிடுகிறார்கள். அதற்கான ரிம்மில் விளிம்பே கிடையாது. கால்வாயைப் போல் ஆழமில்லாத ஒரு குழிவு மட்டும் இருக்கும். அந்தக் குழிவில் டயரை உட்கார வைத்து, பசையால் பிடித்து நிறுத்த வேண்டும். கனம் குறைவு. சதுர அங்குலத்துக்கு 100 ராத்தலுக்கு மேலும் காற்றடிக்கலாம். திடீரென்று காற்று இறங்கிவிட்டாலும், ஒட்டு நன்றாக இருந்தால் டயர் ரிம்மை விட்டு ஓடாது. சாலைப் பந்தயங்களில் சமீப காலமாக ட்யூப் இல்லாத புது மாதிரி டயர்கள் பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. வட்டத் தளப் பந்தயத்தில் ட்யூபுலர் இன்னும் ஆட்சி செலுத்துகிறது.

யோசித்துப் பார்த்தால் ஒட்டுவதுதான் ஆதி முறை. பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயர் செய்து, 1888-ல் அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். அக்காலத்துக் காற்று டயர்கள் சக்கரத்துடனேயே ஒட்டப்பட்டிருந்தன. 1889-ல் ஒருவர் பஞ்சரான டயரைப் பிரான்ஸ் தேசத்து மிஷலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தாராம். அதைப் பிரித்துச் சரிசெய்ய மூன்று மணி நேரம். பசை உலர ஓர் இராத்திரி. அந்தத் தொல்லையைக் கண்டுதான் அவர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கண்டுபிடித்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் போய்த் திரும்பும் நீண்ட பந்தயத்தில் ஷார்ல் தெரோன் என்பவர் அந்த டயரைக் கொண்டே ஜயித்தார். உலகம் ஒட்டுவதை விட்டுவிட்டு மாட்டுவதற்கு வந்து நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பந்தயக்காரர்கள் மட்டும் பழைய வழியை விடவில்லை.

ஞாயிறன்று காலை வேலை ஆரம்பமாயிற்று. முதற்காரியம், பழைய பசையைச் சுரண்டுவது.

பழைய பசை எல்லாவற்றையும் எடுத்தே தீரவேண்டும் என்பதில்லையாம். மெல்லியதாய், சமமாய், ரிம்மைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டிருந்தால் அதன் மேலேயே புதுப் பசை தடவலாம். மேடும் பள்ளமுமாகத் திரண்டோ, காய்ந்து பொருக்குத் தட்டியோ இருந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். அந்தச் சக்கரத்தில் பத்து வருஷத்துப் பசை வெல்லப் பாகு முற்றியது போல் திட்டுத் திட்டாகக் கெட்டித்திருந்தது. சூடான காற்று வீசும் கருவியை மாப்பிள்ளை பிடிக்க, மகள் மழுங்கலான சுரண்டியால் வழித்தெடுத்தாள். அலுமினிய ரிம்முக்குத்தான் இந்தச் சூட்டு வைத்தியம். கார்பன் இழையில் செய்த ரிம்மாயிருந்தால் சூடும் ஆகாது, கடுந் திராவகமும் ஆகாது. சூட்டினால் நெகிழாத மிச்சத்தை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தார்கள். அசிட்டோன் வெளியே வந்ததும் சூட்டுக் கருவி அறையை விட்டே போய்விட்டது, ஜன்னல்கள் திறக்கப்பட்டன. அந்த ஆவி தீப்பற்றக்கூடியது, சுவாசத்துக்கும் நல்லதல்ல.

சுற்றி வரும்போது ஓரிடத்தில் அந்தப் பெண் கையை நிறுத்தினாள். ஒரு சாண் நீளத்துக்கு அங்கே பழைய பசையே இல்லை. உலோகம் கண்ணாடி போல் பளபளத்தது.

"அப்பா, இங்கே மட்டும் ஏன் இப்படி?"

"பிறகு சொல்கிறேன்" என்றான் அவன்.

திங்கட்கிழமை, சுத்தம் செய்யும் வேலை. ஸ்போக் துவாரங்களின் ஓரத்திலும் வால்வுத் துவாரத்தின் ஓரத்திலும் இருந்த பிசிரை அந்தப் பெண் சிறிய அரத்தால் ராவினாள். அந்தப் பிசிர், டயரின் நாடாவை அறுத்துவிடுமாம். பிறகு குழிவு முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்தாள். பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்தது போல் ஆகும் வரையில் தேய்த்தாள். வழவழப்பான முகத்தில் பசை பிடிக்காது. நுட்பமான கீறல்கள் இருந்தால்தான் அதற்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். அப்புறம் தூசி போகத் துடைத்து, வெள்ளைத் துணியில் அசிட்டோன் விட்டு இரண்டு முறை சுற்றி வந்தாள். இரண்டாம் முறை துணி அழுக்காகாமல் வெள்ளையாகவே வந்தது. "இனிமேல் இதைக் கையால் தொடக்கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பசைக் குப்பியையும் தூரிகையையும் எடுக்க உள்ளே போனாள்.

நேயர்களே! அந்த இரண்டு நிமிஷத்தில் நாம் என்ன செய்தோம் தெரியுமா? சக்கரத்தை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, "அடடா, என்ன நயமான வேலை!" என்று வியந்து, அதைத் தடவிப் பார்த்தோம். ஒரு பெரியவர் ஒரு குழந்தையின் கைவேலையைத் தடவிப் பார்ப்பதில் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. ஆனால் அதற்குக் கால்மணி நேரத்துக்கு முன்புதான் நாம் ஸ்நானம் செய்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன சுத்தமான தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தடவிக்கொண்டிருந்தோம்.

காலடிச் சத்தம் கேட்டது. சக்கரத்தை இருந்த இடத்தில் வைத்தோம். அவள் வந்து முதற்பூச்சுப் பூசினாள். நாம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

அதன் பிறகு மூன்று நாள், பூசுவதும் காயப் போடுவதுமாகச் சென்றன. பசையைத் திரளாக அப்பக்கூடாது. மெல்லிய பூச்சு ஒன்று; ஓர் இரவு உலர வேண்டும். அதன்மேல் இன்னொன்று, மறுபடியும் ஓர் இரவு. டயரின் நாடாவுக்கும் இவ்விதமே. அதற்குக் கொஞ்சம் காற்றடித்தால் டயர் தானே புரண்டு நாடாவை வெளிப்புறம் காட்டிவிடுகிறது, பூசுவது சுலபமாகிறது. "ஒரேயடியாகக் கனமாகத் தடவி, விசிறியால் விசிறினால் இன்றைக்கே முடிந்துவிடாதா?" என்று நாம் யோசனை சொன்னோம். "மேலே தோல் கட்டிவிடும் தாத்தா, உள்ளே பச்சையாகவே இருக்கும்" என்றாள். நடுவைவிட ஓரங்களில் தூரிகையை இரண்டு தரம் ஓட்டினாள். சைக்கிள் வளைவில் சாயும்போது டயரைப் பக்கவாட்டில் நெம்பும் விசை முதலில் ஓரத்தைத்தான் கிளப்பப் பார்க்குமாம். ஓரம் விட்டால் நடு நிற்காது.

டயரோ இதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வேறொரு ரிம்மில் பசையின்றி மாட்டிக் காற்றடித்து வைக்கப்பட்டிருந்தது. புது டயர் இறுக்கமாயிருக்கும்; அதைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தால்தான் பசை தடவிய ரிம்மில் கையைக் கறையாக்காமல் ஏற்ற முடியும். எவ்வளவுதான் நீளும் என்று கேட்டபோது நம் மருமகன் ஒரு கதை சொன்னான். 1951-ல் பிரான்ஸ் தேசத்துப் பெரிய பந்தயத்தில் விம் வான் எஸ்ட் என்ற ஹாலந்துக்காரர் மஞ்சள் சட்டை அணிந்து முதல்வராக வந்துகொண்டிருந்தார். ஹாலந்துக்காரர் ஒருவருக்கு அந்தச் சட்டை கிடைத்தது அதுவே முதல் தடவை. ஓபிஸ்க் என்ற மலையிலிருந்து இறங்கும்போது சுமார் 70 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் விழுந்துவிட்டார். உயிர் தப்பியது ஆச்சரியம். மேலே தூக்கக் கயிறு எட்டவில்லை. அவருடைய கோஷ்டியார் தங்களிடமிருந்த நாற்பது ட்யூபுலர் டயர்களை ஒன்றோடொன்று முடிந்து விட்டு அவரை மேலே இழுத்தார்கள். மனிதர் வந்துவிட்டார்; டயர்களோ நீண்டுபோய் எந்த ரிம்முக்கும் உதவாமற் போயின. அன்றோடு அந்தக் கோஷ்டியே பந்தயத்தை விட்டு வீடு திரும்பியதாம்.

பசையின் சரித்திரமும் சுவையானதுதான். சாலைப் பந்தயப் பசை முழுவதும் இறுகாது. எப்போதும் சற்றுப் பிசுபிசுப்பாகவே இருக்கும். வழியில் பஞ்சரானால் வேறு டயரை அதன்மேல் ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது அதில் சௌகரியம். ஆனால் அது சூட்டில் இளகும். பழைய நாளில் மர ரிம்கள் போய் அலுமினிய ரிம்கள் வந்தபோது, மலை இறக்கத்தில் பிரேக் உராய்ந்து ரிம் காய்ந்து பசை உருகிவிடுமே என்று பலர் பயந்தார்கள். வட்டத் தளச் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது; அங்கே சூட்டுப் பயம் இல்லை. ஆகையால் அந்தக் காலத்து வட்டத் தள வீரர்கள் அரக்கைக் கரைத்துப் பூசினார்களாம். அது கல் மாதிரி இறுகும். டயர் இம்மியும் நெளியாது.

அரக்கு என்றதும் நமக்கு மயிர்க் கூச்செறிந்தது! பலாச மரத்திலும் இலந்தையிலும் சின்னஞ்சிறு பூச்சிகள் கட்டும் பிசின் அல்லவா அது? இன்றைக்கும் நம் தேசத்தில் அரக்கு மிகுதியாக விளைவது ஜார்க்கண்டு மாநிலத்துக் காடுகளில். பழைய கிராமபோன் தட்டுகளும் அரக்குச் சேர்த்துச் செய்தவையே. கிட்டப்பாவின் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பூச்சிகளின் உபயம். அப்படிப்பட்ட நம் காட்டுப் பிசினை நம்பிக்கொண்டு ஐரோப்பிய வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து ஓடியிருக்கிறார்கள்! "ஆனால், அரக்கு மாளிகையை நம்பியவர்கள் கதி என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியுமே!" என்று சொல்லி நாம் சிரித்தோம். மருமகன் சிரிக்கவில்லை.

புதன்கிழமை மாலை மூன்றாவது பூச்சுப் பூசி, டயரை ஏற்றினார்கள். ரிம்மைத் தரையில் நிறுத்தி, வால்வை அதன் துவாரத்தில் நுழைத்து, இரு கைகளாலும் இரு புறமும் சமமாக அமுக்கி நீட்டிக்கொண்டே கீழே வரவேண்டும். கடைசி ஒரு சாண் பாக்கி இருக்கும்போதுதான் பரீட்சை. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டை விரல்களாலும் தூக்கிவிட, டயர் 'டப்' என்று உள்ளே உட்கார்ந்தது. சக்கரத்தைச் சுழற்றி, நாடாவின் ஓரம் இரு புறமும் ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பார்த்து, கோணலான இடங்களைத் திருப்பிவிட்டாள். பிறகு காற்றடித்து, அச்சைப் பிடித்து அழுத்தித் தரையில் உருட்டி, ஓரமாகச் சார்த்தி வைத்தாள். நன்றாகக் கெட்டிப்பட வெள்ளிக்கிழமை வரையில் விட்டுவைப்பது என்று ஏற்பாடு.

வியாழக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நம் மருமகன் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தான்.

"மாமா, பத்து வருஷத்துக்கு முன்னால் இதே சக்கரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு பந்தயத்தில் ஓடினேன். வளைவில் நான் நாலாவது ஆள். திடீரென்று முன் டயர் ரிம்மை விட்டுப் புரண்டது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. அது கூடிவிட்டது. எனக்குப் பின்னால் வந்த பையன் என்மேல் மோதி விழுந்தான். பத்தொன்பது வயது. முன் பற்கள் இரண்டு போயின. அவனுடைய பசையில் ஒரு குற்றமும் இல்லை. என் பசைக்காக அவன் விழுந்தான்."

அவன் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்து சக்கரத்தைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் பசை பிய்ந்து பாதி ரிம்மிலும் பாதி டயரிலுமாக இருந்தது. ஒரே ஒரு சாண் மட்டும் சுத்தமாக உரிந்து வந்திருந்தது. கீழே உலோகம் பளபளவென்று இருந்தது. பசை அங்கே ஒட்டவே இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. ரிம்மைத் துடைத்து வைத்துவிட்டு, நடுவில் அச்சுக்குக் கிரீஸ் வைத்தேன். அந்தக் கையோடு சக்கரத்தைத் தூக்கினேன். கையைப் பனியனில் துடைத்துக்கொண்டதாகத்தான் நினைப்பு. எண்ணெய்க் கை பட்ட இடத்தில் எத்தனை பூச்சுப் பூசினால் என்ன?"

நேயர்களுக்கு இதற்குமேல் நாம் விவரிக்க வேண்டியதில்லை. நம்முடைய வலது கை, மேஜைக்கு அடியில், தானாகவே வேஷ்டியில் துடைத்துக்கொண்டது.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. மனம் ஒரு நல்ல வக்கீலைப் போல் வாதாடத் தொடங்கியது. 'நம் கையில் எவ்வளவு எண்ணெய் இருந்திருக்கப்போகிறது? பசையிலுள்ள திராவகம் அதைக் கரைத்திருக்கும். கிரீஸ் வேறு, தேங்காய் எண்ணெய் வேறு. நாளை மாலை அவள் எப்படியும் டயரை அமுக்கிச் சோதிப்பாள். குறை இருந்தால் தெரிந்துவிடும். இப்போது சொன்னால் ஐந்து நாள் வேலை வீணாகும். குழந்தையின் பந்தயம் போய்விடும். தாத்தா என்ற மரியாதையும் போய்விடும்.' எல்லா வாதமும் சரியாகவே இருந்தது. ஆனால் மருமகனும் பத்து வருஷத்துக்கு முன் நாலைந்து இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தானே போயிருப்பான்? அந்த ஒரு சாண் அவன் விரலுக்கு அகப்படவில்லையே! 2003-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, அதே பிரெஞ்சுப் பந்தயத்தில் இரண்டாவது ஸ்தானத்தில் இருந்த ஹோசெபா பெலோகி என்ற ஸ்பெயின் வீரர், தார் இளகிய மலைச் சாலையில் இறங்குகையில் பின் டயர் ரிம்மை விட்டுப் புரள, கீழே விழுந்து தொடை எலும்பும் முழங்கையும் மணிக்கட்டும் முறிந்தார் என்று சாயங்காலந்தான் மருமகன் சொல்லியிருந்தான். அதற்கு முன் மூன்று வருஷமும் முதல் மூவரில் ஒருவராக வந்த அந்த மனிதர் அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லையாம். விடியற்காலை மூன்று மணிக்கு வக்கீல் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் சமயம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னோம். இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டோம். நடுராத்திரியில் தயாரித்த பீடிகையெல்லாம் மறந்துபோயிற்று.

அவள் ஒன்றும் பேசவில்லை. பையைக் கீழே வைத்தாள். சக்கரத்தை எடுத்து வந்து வால்வைத் திறந்து காற்றை முழுவதும் விட்டாள். காற்று நிறைந்திருக்கும்போது டயர் ரிம்மைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்று போனால் பசை ஒன்றே கதி. ஆகையால் ஒட்டின் உண்மையான பலம் அப்போதுதான் வெளிப்படும்.

"எந்த இடத்தில் பிடித்தீர்கள், தாத்தா?"

"ஞாபகமில்லையே, அம்மா."

வால்விலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு கட்டை விரல்களாலும் டயரைப் பக்கவாட்டில் அழுத்தி அழுத்தி, விரற்கடை விரற்கடையாக நகர்ந்தாள். கால் சுற்று. அரைச் சுற்று. டயர் பாறையில் முளைத்த வேர் போல் அசையாமல் இருந்தது. நமக்கு உயிர் வந்தது. முக்கால் சுற்றுக்குச் சற்று முன்னால், வாடிய வாழைப்பட்டை உரிவதைப் போல் டயரின் ஓரம் சத்தமில்லாமல் மேலே எழும்பியது. நாலு விரற்கடை அகலம். கீழே உலோகம் சுத்தமாகத் தெரிந்தது.

சமையலறையிலிருந்து வந்த அவளுடைய தகப்பனார் அதைப் பார்த்தார். நம்மையும் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். வழக்கமாக நாம் 'அவன்' என்று எழுதும் அந்தப் பையனை அந்த நேரத்தில் மட்டும் நமக்கு அப்படி எழுத வரவில்லை.

சனிக்கிழமைப் பந்தயத்தில் அவள் ஓடவில்லை. ஆனாலும் தளத்துக்குப் போய், சிநேகிதிகளின் முதுகில் எண் அட்டை குத்திக் கொடுத்தாள். நாமும் உடன் போனோம்.

ஹெர்ன் ஹில் தளம் 1891-ல் திறந்தது. சுமார் 450 மீட்டர் சுற்றளவு. வளைவுகளில் கொஞ்சம் சாய்வு. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கின் வட்டத் தளச் சைக்கிள் போட்டிகள் இங்கேதான் நடந்தன. இருவர் ஒரே சைக்கிளில் ஓட்டும் போட்டியின் கடைசிப் பந்தயம் இருட்டும் வரையில் நீண்டு, விளக்கு வசதி இல்லாமல் அந்தகாரத்தில் முடிந்ததாம். சுதந்திர பாரதம் தன் சொந்தக் கொடியின் கீழ் முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் அது. ஹாக்கியில் நாம் பிரிட்டனையே நாலு கோலில் வென்று தங்கப் பதக்கம் வாங்கியதை எல்லாரும் அறிவார்கள். அந்த ஆண்டு நம் சைக்கிள் வீரர்களும் போயிருந்தார்கள் என்பதைச் சிலரே அறிவார்கள். பதக்கம் வரவில்லை. அதனால் என்ன? வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நமக்கு, வளைவில் ஒரு கூட்டமாகச் சாய்ந்து வந்த குழந்தைகளைப் பார்த்தபோது, பதக்கத்தின் நினைவே வரவில்லை. ஒருத்தியின் முன் சக்கரத்துக்கும் அடுத்தவளின் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் எல்லாம் மறுபடியும் தொடங்கின. உரிப்பது, சுரண்டுவது, உப்புத்தாள், அசிட்டோன், பூச்சு, இரவு, பூச்சு, இரவு. இந்தத் தடவை நம்மை விரட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அந்தப் பெண்ணோ நமக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறைகளைக் கொடுத்து, "தாத்தா, நீங்கள் அச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றுங்கள், நான் பூசுகிறேன்" என்றாள். அவள் முகத்தில் கேலியுமில்லை, கோபமுமில்லை. கையுறை போடுவதற்கு முன் நாம் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவியதை அவள் ஓரக்கண்ணால் கவனித்தாள் என்று நினைக்கிறோம்.

நாம் ஊர் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை அவள் அந்தச் சக்கரத்தோடு ஓடினாள். ஏழு பேரில் நாலாவதாக வந்தாள். வளைவு ஒவ்வொன்றிலும் அவளுடைய தகப்பனுக்கும் நமக்கும் மூச்சு நின்று நின்று வந்தது. பந்தயம் முடிந்ததும் அவன் ஓடிப்போய் முதலில் மகளைத் தொட்டானா, முன் டயரைத் தொட்டானா என்பது நமக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டையும் தொட்டான் என்று எழுதிவிடுவது நலம்.

இப்போது கூடத்துச் சுவரில் முருகனுக்கும் காந்திக்கும் நடுவில் ஒரு வெற்று ஆணி மட்டும் இருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுதி உறையில் போட்டோம். ஒட்டுவதற்கு முன்னால் விரலை வேஷ்டியில் துடைத்து, உறையின் ஓரத்தையும் துடைத்து, பசையை மெல்லியதாகத் தடவி, சற்று நேரம் காத்திருந்து, ஓரங்களை இரண்டு தரம் அழுத்தினோம். கட்டை விரலால் தள்ளியும் பார்த்தோம். வாயை இறுக மூடிக்கொண்டுதான் அது தபால் பெட்டிக்குள் விழுந்தது.